இங்கேதான் என்று எழுதிக் கொடுத்தது

வாப்பா,

நேற்று நவி மும்பை ஐரோலியில் எங்கள் ஆபீசில் புதுக் கார்ப்பெட் ஒட்டினார்கள். லிஃப்ட் கதவு திறந்ததுமே சொல்யூஷன் பசை வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலே திறக்க முடியாத அந்தக் கட்டடத்தைத் திட்டினார்கள். எனக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஞாபகம் வந்தது.

பன்னிரண்டாவது படிக்கும்போது தாராவியில் கீழே உங்கள் பை தைக்கும் பட்டறை, மேலே பலகைத் தரை போட்ட நம் வீடு. கீழே தையல் மெஷின் ஓடினால் மேலே புத்தகத்தில் எழுத்து நடுங்கும். ஒருநாள் சலித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து, செம்பூர் கோச்சிங் கிளாஸ் முடிந்து நான் வந்து உட்கார்ந்ததும் மெஷின்கள் நின்றுவிடும். ரெக்ஸினில் சொல்யூஷன் தடவித் துணி ஒட்டுகிற வேலையை மட்டும் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்தீர்கள். அந்த வாடையில்தான் நான் இன்ஜினியரிங் சி.இ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயாரானேன். சரக்கு கேட்டு வந்து நிற்கும் வியாபாரியிடம் "மவ படிக்கா, மெஷினு படுத்துருக்கு" என்பீர்கள், ஏதோ மெஷினுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. நான் என்ன படிக்கிறேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. தூங்கிவிட்டேனா என்று ஏணியின் நடுப்படி வரை ஏறி எட்டிப் பார்ப்பதோடு சரி.

அப்போது நம் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. வாங்கக்கூடாது என்பதல்ல. உம்மா கேட்கும்போதெல்லாம் நீங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வீர்கள்: "இன்னும் ரெண்டு வருசம். ஊருக்குப் போவும்போது அதையும் தூக்கிட்டா அலைய?" நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ரெண்டு வருடம் அது. தென்காசிப் பக்கம் நம் ஊரில் வீடு கட்ட அஸ்திவாரம் போட்டு வைத்திருந்தீர்கள். நாங்கள் லீவுக்குப் போனால் அதன்மேல் ஆடு படுத்திருக்கும். நீங்கள் ஆட்டை விரட்டிவிட்டு, இது அடுப்பங்கரை, இது ஹால் என்று காலால் கோடு போட்டுக் காட்டுவீர்கள்.

சிக்கல் கோச்சிங் கிளாசில்தான் தெரிந்தது. எங்கள் சார் எல்லோருடைய அட்மிஷன் பேப்பர்களையும் பார்த்துக்கொண்டு வந்தவர் என்னுடையதில் நின்றார். ஒண்ணாவதிலிருந்து பம்பாயில் படித்த பெண், பிறந்த இடம் தமிழ்நாடு. இந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்கிற டொமிசைல் சர்டிபிகேட் இல்லாவிட்டால் நான் வெளிமாநிலக் கணக்கு. மார்க் எவ்வளவு வாங்கினாலும் இங்கே பிறந்த பிள்ளைகளோடு வரிசையில் நிற்க முடியாது என்றார். வீட்டில் வந்து சொன்னதும் உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலப்புள்ளைய உம்மா வீட்ல பெறாம வேற எங்க பெறுவாக?" என்று கேட்டாள். நியாயம்தான். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் ஏழாம் மாதம் ரயிலேறினார்கள். இங்கேயே பிறந்த தம்பிக்கு எந்தச் சர்டிபிகேட்டும் தேவையில்லை. அவனுக்குப் படிப்பும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

டொமிசைலுக்கு அப்பா வந்து உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, லைட் பில் எல்லாம் சேர்த்து வைத்துவிட்டேன். நீங்கள் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். பட்டறையில் வேலை என்றீர்கள், பிறகு முட்டுவலி என்றீர்கள். ரிசல்ட் வந்துவிட்டது. மார்க் நன்றாகவே இருந்தது. அட்மிஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். சும்மா ஒரு கையெழுத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டே விட்டேன்.

நீங்கள் கத்தரியைக் கீழே வைத்தீர்கள். "அதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சியா மவளே? இங்கனயே நெரந்தரமா இருக்க நிய்யத்துன்னு எழுதிருக்கு. எனக்கு மனசுல அந்த நிய்யத்து இல்லியே. பொய்க் கையெழுத்து எப்பிடிப் போட?"

யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று உம்மாகூடச் சொன்னாள். சர்டிபிகேட் கொடுக்கும் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏஜெண்டும் அதையேதான் சொன்னான். நீங்கள் மாலை அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர், இருட்டி மஃரிப் தொழுகையும் முடித்துத்தான் வந்தீர்கள். அங்கே என்ன யோசித்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, போவோம்" என்றீர்கள். ஆபீசில் கிளார்க் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பேப்பரைப் புரட்டியபடி, ஊருக்குத் திரும்பிப் போகிற எண்ணம் உண்டா என்று ஹிந்தியில் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். நீங்கள் பேசவில்லை. பின்னால் நின்றவர் முனகத் தொடங்கினார். கிளார்க் அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"நஹி சாப். இதரிச் ரஹனே கா" என்றீர்கள். இங்கேதான் இருக்கப் போகிறோம்.

அவர் முத்திரையைக் குத்தினார். எனக்குச் சீட் கிடைத்தது. வடாலாவிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் நல்ல காலேஜ். சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் பிரிட்ஜ் வாங்கினீர்கள். உம்மா அதைத் திறந்து திறந்து மூடினாள். ரெண்டு வருடப் பேச்சு நின்றுபோயிற்று. பக்ரீத்துக்கு உங்கள் தம்பி சின்னாப்பா போன் செய்தபோது, அஸ்திவாரம் போட்ட இடத்தை நீயே எடுத்துக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டீர்கள். வயதாகிவிட்டது, கட்டி முடிக்கத் தெம்பில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

காலேஜ் மூன்றாம் வருடத்தில் சின்னாப்பா மகள் கல்யாணத்துக்குப் போனோம். அந்த அஸ்திவாரத்தில் எழும்பிய புது வீட்டில்தான் கல்யாணம். பள்ளிவாசலில் ஜமாஅத்துத் தொழுகை தவறிப்போனதால் நீங்கள் நடுப்பகல் லுஹரை ஹாலில் தனியாகத் தொழுதீர்கள். ஊரில் எப்போதும் நாலு ரக்அத்து தொழுகிறவர் ரெண்டோடு சலாம் கொடுத்து எழுந்தீர்கள். அண்ணன் மறந்துவிட்டார் என்று நினைத்துச் சின்னாப்பா, "காக்கா, ரெண்டுதான் தொழுதிய" என்றார்.

"பயணத்துல இருக்கவனுக்கு ரெண்டுதானப்பா" என்றீர்கள் நீங்கள்.

சின்னாப்பா சிரித்தார். சொந்த ஊரில் யாராவது பயணியாக இருப்பார்களா என்று கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனீர்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். என் சீட்டுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்களிடம் அதைப் பற்றி நான் பேசவில்லை. பேசியிருந்தால் பந்தலில் பிரியாணி ஆறுகிறது என்று சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் மௌத்தான அன்று, ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சின்னாப்பா போனில் அழுதார். உம்மாதான் வேண்டாம் என்றாள். இங்கேயே அடக்கினோம்.

கல்யாணம், மையத்து அடக்கம் என்று நான் இப்போதும் ஊருக்குப் போகிறேன் வாப்பா. மாமா வீட்டில், நான் பிறந்த அதே அறையில்தான் தங்க வைக்கிறார்கள். ரெண்டு ரக்அத்து தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிவிடுவேன். போன தடவை மாமி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்த ரூம்ல பொறந்தவளுக்கு இங்கன என்ன புள்ள பயணம்?" என்று கேட்டாள்.

"எங்க வாப்பா வாக்குக் குடுத்துட்டாக, மாமி" என்றேன்.