கரண்ட் வந்ததும் எரியும் வயர்

14 ஜனவரி 2025, வண்டூர்

மறுபடியும் வயர் உருகிவிட்டது. கம்பத்திலிருந்து எங்கள் மீன் கிடங்குக்கு வரும் அந்த நீள வயர். மூன்று ஃப்ரீசரும் நின்று, படகுக்காரர்கள் நம்பிக் கொடுத்த சூரை மீன் கெட்டுப்போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மீனை வேறு இடத்துக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கிடங்கை மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் காதர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தால் என்ன செய்ய?

15 ஜனவரி

எலெக்ட்ரீஷியன் உதயசூரியன் எரிந்த பகுதியை மாற்றினார். இங்கே எல்லோரையும் போல அவருக்கும் நான் 'பாபி', அதாவது அண்ணி. "பாபி, இன்னும் தடியான கேபிள் போடணும். மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வரணும்." அதுவரை?

ஒன்று உறுத்துகிறது. ஃப்ரீசர்கள் ஓடும்போது வயர் சூடாவதே இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான் எரிகிறது. ஏன்?

17 ஜனவரி

உதயசூரியனை மறுபடி வரவழைத்தேன். வயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரை மாட்டச் சொல்லி, ஒரு ஃப்ரீசரை மட்டும் போட்டேன். எண் சட்டென்று ஏறி, மோட்டார் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிட்டது. அந்த ஏற்றம்தான் — அதேதான்!

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் நான். மீன் நாற்றத்தில் மறந்தே போயிருந்தேன். கரண்ட் மூன்று மடங்கானால் வயரில் சூடு ஒன்பது மடங்கு. மூன்று மோட்டாரும் சேர்ந்து கிளம்பினாலும், ஒவ்வொன்றாகக் கிளம்பினாலும், வயர் வழியே போகும் மின்னூட்டம் மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சேர்ந்து கிளம்பினால், மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் ஒன்பது மடங்கு சூடு; மொத்தத்தில் சூடாக வீணாவது மூன்று மடங்கு. வோல்டேஜும் படுத்துவிடும், மோட்டார்கள் கிளம்பத் திணறி இன்னும் நேரம் இழுக்கும்.

இந்தத் தீவில் கரண்ட் போனால் யார் சுவிட்சை அணைக்கிறார்கள்? மறுபடி எப்போது போகுமோ என்ற பயத்தில், வந்த நொடியே எல்லாம் ஓட வேண்டும். நாங்களும் அப்படித்தான். எங்கள் வயரை நாங்களே எரித்திருக்கிறோம்.

காதரிடம் சொன்னேன். "வர்றதே கொஞ்ச நேரம். அதையும் காக்க வைக்கிறியா? பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு?" என்றார். இனி சுவிட்ச் பக்கம் என்னைத் தவிர யாரும் வரக்கூடாது என்றேன்.

22 ஜனவரி

கரண்ட் போகவே இல்லை. எனக்கென்றே இப்படி நடக்கும்.

23 ஜனவரி

போனது! மூன்றையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் வந்தது. முதல் சுவிட்சைப் போட்டேன். சத்தம் சீரானதும் அடுத்தது. காதர் வயரையே பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதும் ஓடியது. வயரைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. ஜெயிச்சிட்டேடி ஷாஹிதா, ஜெயிச்சிட்டே.

படகுக்காரர் ஐயாவு வாசலிலேயே நின்றிருந்தார். "வெடிக்கல இல்ல பாபி? அப்ப இறக்கிடுறேன்" என்று மீனை இறக்கினார்.

9 பிப்ரவரி

எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்துவிட்டது. வயர் அப்படியே இருக்கிறது. கிடங்கில் இடமில்லை.

16 பிப்ரவரி, குட்வில் எஸ்டேட்

தங்கை ஹசீனா வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறேன். மனசு கேட்காமல் காதருக்குப் போன் போட்டேன். அங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் இருந்ததாம்.

"மூணையும் அணைச்சீங்களா?"

"இப்பத்தான் வந்துச்சு. ரெண்டாவது போட்டிருக்கேன், இன்னும் சத்தம் சீராகல. நீ பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? வை போனை" என்றார்.