ஆடாத முள்

பிப்ரவரி 3

விண்ணப்பம் போட்டாயிற்று. தொழிற்பயிற்சி ஆசிரியர் சான்றிதழ். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் பட்டறையில் கைவேலைத் தேர்வு. கடைசியில், தேர்வாளர்களுக்கு முன்னால் மாதிரி வகுப்பு. மூன்றும் தாண்டினால் பயிற்சி நிலையத்தில் பகல் வேலை. காலையில் போனால் மாலையில் வீடு.

இப்போது ஆலையில் மீட்டர் பார்க்கிற வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், பகல், இரவு என்று. இதை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்க்க முடியாது. என் மனைவி போனதிலிருந்து மகள் வாலு பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

அண்ணி (மனைவியின் அக்கா) நேற்று போனில் சொன்னார்: "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பகல் வேலை கெடச்சா கூட்டிட்டுப் போங்க தம்பி. இல்லன்னா இங்கயே சேத்துடறோம். பிள்ளைய அங்கயும் இங்கயும் பிடுங்கி நட முடியாது."

நியாயம்தான்.

பிப்ரவரி 9

கல்வி உளவியல் புத்தகம் தலையணை கனம். கொதிகலன் கையேடு இதைவிட எளிது. எது கெட்டால் எதை மாற்றுவது என்று படம் போட்டிருக்கும்.

போனில் வாலு ஒரே அழுகை. "அப்பா, இப்பவே வா. பஸ்ல வராத, ஓடி வா." ஓடி வந்தால் சீக்கிரம் வரலாம் என்று நினைக்கிறாள். அண்ணி போனை வாங்கிக்கொண்டார். "நீங்க பேசினாதான் தம்பி இப்படி. அப்புறம் ராத்திரி சோறு எறங்கறதில்ல அவளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தேன். "வந்துட்டுத் திரும்பினா இன்னும் கஷ்டம், பரீட்சை முடிச்சுட்டு ஒரேயடியா வாங்களேன்" என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 10

ஷிஃப்ட். படிப்பு. தூக்கம்.

பிப்ரவரி 18

பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரம்மா தையல் ஆசிரியை ஆகப் படிக்கிறார். இரண்டு முறை மாதிரி வகுப்பில் தோற்றவர். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. "ரெண்டு தடவ கோட்ட விட்டவ சொல்றேன், கேட்டுக்கோங்க சார். அவங்களுக்குப் பாடம் முக்கியமில்ல, முகம்தான் முக்கியம்."

இன்று ஒத்திகை. அழுத்தமானி பற்றிப் பேசினேன். முடித்ததும் கேட்டார்: "சார், பாடம் நடத்தறீங்களா, இரங்கல் கூட்டத்துல பேசறீங்களா? கரும்பலகையே கண்ணத் தொடச்சுக்கும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள் என்றேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னேன். அந்தம்மா முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, என் நாக்குல..." என்று ஆரம்பித்தார். பரவாயில்லை என்றேன்.

உண்மையாகவே பரவாயில்லாமல் இருந்தது. அதுதான் எனக்கே விளங்கவில்லை.

பிப்ரவரி 26

இன்று மனப்பாடம் செய்தது, ஐந்து மதிப்பெண் கேள்வி: பெற்றோரைப் பிரிந்த சிறு குழந்தை கடக்கும் நிலைகள். முதலில் எதிர்ப்பு: அழும், தேடும், சாப்பிட மறுக்கும். அடுத்து துயரம்: ஒடுங்கிவிடும். கடைசியாக ஒட்டாமை: அமைதியாக, சொன்னபடி கேட்கும்; பெற்றவர் திரும்பி வந்தாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பார்ப்பவர்கள் குழந்தை தேறிவிட்டது என்று நினைப்பார்கள்.

எதிர்ப்பு, துயரம், ஒட்டாமை. எ-து-ஒ. நன்றாக நிற்கிறது.

வாலு இன்று போனில் அழவில்லை. அதிகம் பேசவும் இல்லை. ம், ம் என்றாள்.

மார்ச் 5

மாதிரித் தேர்வில் உளவியலுக்கு முழு மதிப்பெண். எ-து-ஒ கேட்டிருந்தார்கள்.

அண்ணி சந்தோஷமாகப் பேசினார். "இப்பல்லாம் அழறதே இல்ல தம்பி. தங்கமா இருக்கா. உக்காருன்னா உக்காருவா, தூங்குன்னா தூங்குவா." மனசு லேசானது. வாலு என்று பேர் வாங்கினவள். ஒரு இடத்தில் உட்காராதவள். பரவாயில்லை, நிலைக்கு வந்துவிட்டாள்.

பிறப்புச் சான்றிதழை அனுப்பச் சொன்னார். "சும்மாதான், கைவசம் இருக்கட்டும்." அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20

எழுத்துத் தேர்வு முடிந்தது. அங்கிருந்தே பஸ் ஏறி வாலுவைப் பார்க்கப் போனேன். சகலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாத்தியாரே! பிரம்ப மறந்துட்டு வந்துட்டீங்களா? நான் ஓடிக் கீடிப் போயிடப்போறேன்." அவர் எப்போதும் இப்படித்தான்.

வாலு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கப்பா" என்றாள். மறுபடி குனிந்து வரைந்தாள்.

என்னை அவள் ஒருநாளும் வாங்க என்று சொன்னதில்லை. நல்ல பழக்கம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

போட்டிருந்த கவுன் எங்கேயோ பார்த்தது போல இருந்தது. காலரில் மஞ்சள் பூ. சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், என் மனைவி சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பாள். அண்ணி எத்தனை வருஷமாக எடுத்து வைத்திருந்தாரோ.

பிறகு சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "சிட்டு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டு போ."

சிட்டு. அது என் மனைவியை அவள் பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர்.

வாலு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சிந்தாமல்.

அண்ணியைப் பார்த்தேன். "வாய் தவறி வந்துடுச்சு தம்பி" என்றார். குழந்தை உடனே எழுந்து போன விதத்தில் அது வாய் தவறியது மாதிரி தெரியவில்லை.

கிளம்பும்போது சகலை பஸ் நிறுத்தம் வரை வந்தார். வழியில் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. "உங்க அண்ணி இப்பத்தான் சகலை ஒழுங்கா சாப்பிடறா. எங்களுக்கும் ஒண்ணு பொறக்கல. நான் எதுவும் சொல்லல. சும்மா சொல்றேன்."

வாலு கை காட்டினாள். அழவில்லை. எனக்கும் சுலபமாக இருந்தது.

மார்ச் 21

சுலபமாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 12

எழுத்தில் தேர்ச்சி.

ஏப்ரல் 25

கைவேலைத் தேர்வு. ஒரு மீட்டரைப் பிரித்து, சரிசெய்து, மறுபடி பூட்டச் சொன்னார்கள். கை தானாக வேலை செய்தது. மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. தேர்வாளர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "சில்லுன்னு இருக்கே, பயமே இல்லையா உங்களுக்கு?" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27

வாலு போனுக்கு வரவில்லை. விளையாடுகிறாளாம். பின்னால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. விளையாடுகிற வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா?

மே 9

மாதிரி வகுப்பு. நிதானமாக எழுதணும்.

தலைப்பு நானே தேர்ந்தெடுத்தது: அழுத்தமானி கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது எப்படி. மூன்று தேர்வாளர்கள் மாணவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா சொன்னபடி முகத்தைக் கொஞ்சம் மலர்த்தி வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் போனது.

நடுவில் இருந்த அம்மையார் பையன் மாதிரி கை தூக்கினார். "சார், முள்ளு சரியான எடத்துலதானே நிக்குது? அலாரமும் அடிக்கல. அப்புறம் அத ஏன் சந்தேகப்படணும்?"

நல்ல கேள்வி என்றேன். தினம் ஆலையில் சொல்கிறதுதான். "உயிருள்ள லைன்ல முள் கொஞ்சமாவது நடுங்கும். அழுத்தம் ஏறும், இறங்கும், அது கூடவே ஆடும். ஆடாம அசையாம ஒரே எடத்துல நிக்குதுன்னா, மீட்டருக்குப் போற குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. புதுசா வேலைக்கு வர்றவங்க அதப் பாத்துட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு..."

அதற்கு மேல் வரவில்லை.

நிலைக்கு வந்துவிட்டாள் என்று நான் எழுதினேன். நான். பத்து வருஷமா இதே வேலை பாக்கறவன். ஆடாத முள்ளப் பாத்துட்டு மனசு லேசாச்சுன்னு எழுதினேன். எ-து-ஒ. முழு மதிப்பெண். அட மடையா. வாங்கப்பான்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சாக்பீஸ் கையில் உடைந்திருந்தது. அந்த அம்மையார் மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்ன சார் செய்யணும்?"

"வால்வ மூடித் திறந்து பாக்கணும். முள் விழணும். விழுந்து எழுந்திருக்கணும்" என்றேன். "விழலன்னா?" என்றார்.

உடைந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தையல்காரம்மா காத்திருந்தார். "எப்படி சார்?" பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

மே 10

இரவு சகலை வீட்டில்தான் தங்கினேன். முன்னறையில் ஆணியில் ஒரு சீருடை தொங்குகிறது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டது.

"பேரு பதிஞ்சு வெச்சோம் தம்பி. சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

"ரிசல்ட் வரல அண்ணி. வந்தாலும் வராட்டியும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"பகல் வேலை கெடச்சாதான்னு பேச்சு. நீங்க ஷிஃப்டுக்குப் போனா யாரு பாத்துப்பா? ஏற்கெனவே ஒண்ண மண்ணுக்குக் குடுத்தாச்சு தம்பி." கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

வாலுவைத் தனியாக மாடிக்குக் கூட்டிப்போனேன். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் எல்லாரும் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம்.

"வாலு, அம்மா ஊருக்குப் போகல. செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

"தெரியும்" என்றாள்.

"உனக்கு எங்க இருக்கணும்? அப்பாகூட வர்றியா?"

"எங்க இருக்கச் சொல்றீங்களோ அங்க இருக்கேன்."

ஐந்து வயது. என்னைப் பார்க்காமல், மாடிச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒன்றும் எழவில்லை.

தனியாகத்தான் திரும்பினேன்.

மே 24

தேர்ச்சி. மாதிரி வகுப்பில் எல்லைக்கோட்டு மதிப்பெண். அந்தத் தையல்காரம்மாவும் தேறிவிட்டார். போனில் கத்தினார்: "மூணாவது தடவ சார்! பயிற்சி நிலையத்துல எனக்கே சிலை வெப்பாங்க!"

அண்ணிக்குச் சொன்னேன். "சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான் தம்பி. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மே 28

கூட்டி வந்துவிட்டேன். அண்ணி அறையை விட்டு வெளியே வரவில்லை. சகலைதான் பையைத் தூக்கி வந்து பஸ்ஸில் வைத்தார். அதிசயமாக அவர் கண்தான் கலங்கியிருந்தது.

வாலு வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தில் நின்றாள். அவள் தவழ்ந்த கூடம்.

"நான் தண்ணி குடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மே 31

பையைப் பிரிக்க விடமாட்டேன் என்கிறாள். உடுத்தியதைத் துவைத்துக் கொடுத்தால் மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். குரலை உயர்த்துவதில்லை, எதையும் கேட்பதில்லை. மாடி வீட்டுக்காரர், "பிள்ள இருக்கிறதே தெரியல, குடுத்து வெச்சவர் நீங்க" என்றார். அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளணும் போல இருந்தது. அப்படியொரு கோபம் வந்து ரொம்ப நாளாகிறது.

ஜூன் 1

காலம் கடந்துவிட்டதோ? புத்தகத்தில் அதற்குப் பாடம் இல்லை. நிலைகளோடு நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 4

இன்று அவளுக்கும் பள்ளிக்கூடம் முதல் நாள், எனக்கும் முதல் நாள்.

வாசல் வரை அமைதியாகத்தான் வந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இவள் மட்டும் ஒரு சின்ன அதிகாரி மாதிரி நின்றாள். ஆயாம்மா, "இந்தப் பாப்பாவப் பாருங்க, எவ்வளவு சமத்து" என்று கையைப் பிடித்தார். நான் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ரெண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னால் ஒரு அலறல். யார் பெற்ற பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்புவதற்குள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "போகாத! நீ போயிட்டா வரமாட்ட! அம்மா மாதிரி வரவே மாட்ட! நீ பொய் சொல்லுவ!" அள்ளித் தூக்கியதும் மார்பில் குத்தினாள். ஆயாம்மா பிரிக்க வந்தபோது என் கையைப் பிடித்து நறுக்கென்று கடித்தாள். விடவே இல்லை. பாவாடையெல்லாம் மண். மூக்கு ஒழுகி என் சட்டையெல்லாம் ஆனது. அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நானும் அழுதேன். சத்தமாகத்தான் அழுதிருக்கிறேன். அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டன.

மாலையில் வாசலிலேயே நிற்பேன் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்புவதற்குள் வேலைக்குத் தாமதம். பயிற்சி நிலைய முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், வகுப்பறைப் பக்கம் கை காட்டினார். வகுப்பில் முதல் வரிசைப் பையன் கேட்டான்: "சார், கைல என்ன?" என் பெண் கடித்துவிட்டாள் என்றேன். வகுப்பே சிரித்தது.

மாலை பள்ளிக்கூட வாசலில் முதல் ஆளாக நின்றேன். வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். தெருமுனை வரை பேசாமல் நடந்து, பிறகு என் கையைத் தூக்கிப் பல் தடத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"ஆமா. நல்லா வலிக்குது."

"நாளைக்கும் கடிப்பேன்" என்றாள்.

சரி என்றேன்.