அப்பாவின் மெஷினுக்கு நீ போட்டுத் தந்த சாஃப்ட்வேர்

ஸ்ரீரங்கம்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள் இளவேனிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற நிலைமைக்கு நலமாக இருக்கிறோம். நெதர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை நவநீதனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ரங்கநாதரிடம் சொல்லிவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாயில் வார்த்தை வரவில்லையே தவிர நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இந்த வருஷம் விடாமல் பெய்தது, கொள்ளிடத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. மாடி அறையில் மட்டும் ஒழுகியது, மெஷினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னாலேயே இடி இறங்கி அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு ஆசை ஆசையாக அவரே பாகம் பாகமாகப் பூட்டிய, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டும் சிஎன்சி மெஷின், தெருவில் பாதி வீட்டுப் பெயர்ப் பலகை அதில் வெட்டியதுதான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் எழுத்தைப் படிப்பதும் போன பிறகும் தினம் மாடி ஏறி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். கம்ப்யூட்டரோடு அந்தப் பழைய சாஃப்ட்வேரும் போனதும் மெஷினை எதை வைத்து ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. நீ வைஃபையில் ஓடுகிற சின்ன போர்டு ஒன்றை வாங்கி அனுப்பினாய், அதை ஓட்டும் சாஃப்ட்வேரையும் அங்கிருந்தபடியே போட்டுத் தந்தாய். அப்பாவோடு வேலை பார்த்த பிலோமின்ராஜ் அண்ணன் காட்டூரிலிருந்து பஸ் மாறி வந்து, லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கிறது, கீபோர்டிலேயே ஓட்டலாம் என்றார். உன் மனசு நோகக்கூடாது என்று உன்னுடையதைத்தான் முதலில் வைத்தோம்.

அன்றைக்கு நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். நீ அங்கே பட்டனை அழுத்தினாய், இங்கே மெஷின் தானாக நகர்ந்து பலகையில் ஒரு தாமரை வெட்டியது. நீ சந்தோஷத்தில், "அப்பா, இனிமே நீங்க சும்மா உக்காந்து பாருங்க, எல்லாத்தையும் நானே ஓட்டுறேன், சரியாப்பா?" என்று கேட்டாய். அவர், "சரி, சரி" என்றார். வேனில், இப்போது அவர் வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். கூடவே இருக்கிற எனக்கு எந்த சரி எதற்கு என்று இப்போது தெரிகிறது. உன்னிடம் அவர் சொன்னது வேண்டாம் என்கிற சரி. நீ போனை வைத்ததும் அந்தத் தாமரைப் பலகையை இடது கையால் எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார், தார்ப்பாயை இழுத்து மெஷினை மூடினார். அதற்குப் பிறகு மாடிக்கே வரவில்லை. சாப்பாட்டையும் தள்ளிவிட்டார். நான் உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு, உன் பாசம் எனக்குத் தெரியாதா. பிலோமின்ராஜ் அண்ணனிடம் சொல்லி அழுதபோது அவர், "தங்கச்சி, அவரு மெஷின அவரு ஓட்டணும்மா. வேடிக்கை பாக்கவா இவ்ளோ பாடுபட்டுப் பூட்டுனாரு" என்றார்.

அதனால் உன்னிடம் கேட்காமலேயே உன் போர்டைக் கழற்றிவிட்டோம், பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறேன். அண்ணன் தான் சொன்ன சாஃப்ட்வேரை வேறொரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தார். எழுத்து எதுவும் அப்பாவுக்கு ஏறவில்லை என்பதால், பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற அஃபீஃபா கீபோர்டில் ஓடுவதற்குப் பச்சை, நிறுத்துவதற்குச் சிவப்பு, நகர்த்துவதற்கு மஞ்சள் என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாள். உடனே எல்லாம் அழகாக நடந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் நாள் மாற்றி அழுத்திக் கட்டர் முறிந்தது, இன்னொரு நாள் பலகை பிய்ந்து தெறித்தது, நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பச்சையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று மறந்து அப்படியே நிற்பார், நான் வாயைத் திறக்காமல் நிற்பேன். முந்தாநாள் பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே ஒரு கோடு வெட்டினார். பூவும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் கோடு. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்குத் துடைக்க மனசு வரவில்லை. அன்று ராத்திரி தட்டை நீட்டி இரண்டாவது தோசையும் வாங்கிச் சாப்பிட்டார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். போன வாரம் அஃபீஃபா கிளம்பும்போது என்னை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, "ஆன்ட்டி, இனிமே பேச்சு பெருசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேங்க. அவரு கையால என்ன முடியுதோ அத செய்ய விடுங்க" என்றாள். டாக்டரும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். நீ ஒவ்வொரு தடவையும், "அப்பா நாலு வார்த்தை பேசட்டும்மா, லீவு போட்டுட்டு ஓடி வரேன்" என்கிறாய். அவர் பேசாமல் இருப்பதை நேரில் பார்க்க உனக்கு பயம். எனக்கும் அந்த பயம் இருந்தது, காலையில் எழுந்ததும் அவர் பக்கம் திரும்பாமலேயே படுத்திருப்பேன். இப்போது பழகிவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு நீண்ட நாள் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவர் பேசுவார் என்று காத்துக்கொண்டிருக்காதே வேனில், பேசாத அப்பாவைப் பார்க்க வா.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ராசாத்தி செந்தமிழன்.