பத்மா போட்ட அம்புக்குறி

என் பத்மா,

திங்கட்கிழமை நம் ஆய்வுக் கட்டுரையிலிருந்து உன் அளவீடுகளை எடுத்துவிடச் சொன்னார் நம் வழிகாட்டி சார். அவை போனால் உன் பெயரும் போகும். “காய்ச்சலோட வேலை பார்த்துச்சு பாவம், குப்பிய மாத்தி வெச்சிருக்கும்” என்றார். நான் தலையாட்டினேன்.

நாம் பார்த்தது இவ்வளவுதான். ஒரு மூலக்கூறு எலக்ட்ரானைக் கொடுக்கும், இன்னொன்று வாங்கும். நடுவில் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னுமாக இருக்கும் இருமுனை மூலக்கூறு. நேர்முனை வாங்குகிற பக்கம் இருந்தால் எலக்ட்ரான் வேகமாகத் தாவும். திருப்பி வைத்தால் தயங்கும். நம் அட்டவணையில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

அன்று மாலை உன் நோட்டை வாங்க அடி அண்ணாமலையில் உன் வீட்டுக்குப் போனேன். “பேப்பர்ல அவ பேரு எப்ப வரும் சின்னவளே? கிரிவலம் வர்றவங்ககிட்டகூட சொல்லி வெச்சிருக்கேன்” என்றார், என்னையும் இளைய மகளாக்கிக்கொண்ட உன் அம்மா. நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறு. ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பக்கம் அம்புக்குறி. வேதியியல் படித்த நான் எதிர்முனை நோக்கிப் போடுவேன். நீ இயற்பியல். நேர்முனை நோக்கிப் போட்டிருக்கிறாய். உன் அம்புகளை என் வழக்கப்படி படித்து அட்டவணை போட்டது நான்தான்.

தெரிந்தும் செவ்வாய் முழுக்கப் பேசவில்லை. என் ஆய்வேடும் அவர் கையில்தானே இருக்கிறது?

இன்று காலை சொன்னேன். “தப்பு பத்மாவோடது இல்லீங்க சார். நான் பண்ணது.”

நோட்டைப் பார்த்தார். “எப்ப தெரியும்?”

“திங்கக்கிழமைங்க சார்.”

“செத்தவ மேல பழி போட்டா யாரு கேக்கப் போறான்னு இருந்துட்டியா?”

அப்படித்தான் இருந்தேனா, பத்மா?

“அவ அளந்த ஆறு சாம்பிளையும் திரும்ப அளந்து பாரு. ஒத்து வந்தா அவ பேரு இருக்கும்” என்றார். மதியமே முதலாவது சாம்பிளை அளந்தேன். நீ எழுதிய அதே வேகம் வந்தது. இன்னும் ஐந்து இருக்கின்றன.

அவை எப்படி வந்தாலும் வந்தபடியே எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய், உன் பெயர் யாரால் போக இருந்தது என்பதையும் நானே சொல்வேன். அதற்குப் பிறகும் அவர் என்னைச் சின்னவளே என்று கூப்பிட்டால்,

உன் தங்கை,
கலா