லிட்டருக்கு இருபத்து மூணு

கணபதி, கோயமுத்தூர்
14-12-1999

அன்பு மகன் அருள்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் உடம்பளவில் சுகம்தான், மனசளவில் எப்படி என்பதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். லூதியானாக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கச் சென்னிமலை முருகன் காப்பாற்றட்டும். கொடுத்து விட்ட போர்வை இரண்டையும் சேர்த்துப் போர்த்திக்கொள், ஒன்று பத்தாது. போனில் பேசலாமென்றால் அது பட்டறையில் இருக்கிறது, லேத்து ஓட்டுகிற நாலு பேருடைய காதும் அங்கேதான் இருக்கிறது. நான் பத்தாவது படிப்பைப் பாதியில் விட்டவள், சுற்றி வளைத்து எழுத வராது, நேராகவே எழுதிவிடுகிறேன். கொடுமுடியிலிருந்து உன் மாமன் உனக்கு ஒரு கடிதம் போட்டிருப்பார், அல்லது போடுவார். உங்கப்பா பெருமைக்காகப் பொய் சொல்லிக் குடும்பத்தையே ஏமாற்றினார் என்று அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு உங்கப்பாவைப் பற்றி ஒன்றும் நினைத்துவிடாதே. நடந்தது வேறு.

பங்குனியில் நாம் அந்தச் சின்ன டீசல் காரை எடுத்தது உனக்குத் தெரியும். விற்றவர்கள் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். உங்கப்பா டேங்கை வாய் வரைக்கும் ரொப்பி, சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்து எழுதிப் பார்த்தார், பதினெட்டுதான் வந்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் சத்தம், மேடு ஏறும்போது ஆள் நாலு இருந்தால் இழுக்க யோசிக்கும், மற்றபடி நல்ல வண்டி. பதினெட்டு என்பதே பெட்ரோல் வண்டிக்கு எவ்வளவோ மேல். ஆனால் மரக்கடை ஜபருல்லா பாய் அதே வண்டி வைத்துக்கொண்டு இருபத்தொண்ணு வருகிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கப்பா பதினெட்டு என்றதும், ஏனுங்க கவுண்டரே, வண்டி டீசல் குடிக்குதுங்களா, இல்ல வழியில எறங்கி நீங்க குடிக்கறீங்களா என்று கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை இந்த மனுசனுக்கு. அதற்கப்புறம் இன்னும் மோசம், டீசல் முள் படுத்துக்கொள்கிற வரைக்கும் ஓட்டுவது, அப்போதுதான் கணக்குத் துல்லியமாக வருமாம். சித்திரையில் சென்னிமலைக்குப் போய்த் திரும்பும்போது நட்ட நடு வெயிலில் டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. டீசல் வண்டி தீர்ந்து நின்றால் ஊற்றினாலும் உடனே கிளம்பாது, குழாயில் காற்று பிடித்துக்கொள்ளும், அதைத் திறந்து எடுக்க ஆள் வேண்டும். பட்டுச்சேலையோடு இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். போகிற பஸ்ஸில் இருப்பவனெல்லாம் எட்டிப் பார்க்கிறான். இனி இப்படி நிற்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

என்ன பண்ணினேன் என்றால், பட்டறை ஜெனரேட்டருக்கு டிரம்மில் டீசல் வாங்கி வைத்திருப்போமே, அதில் டியூப் விட்டு உறிஞ்சி ஒரு அஞ்சு லிட்டர் கேனில் பிடித்து, வாரம் ஒரு தடவை வண்டி கழுவுகிற சாக்கில் டேங்கில் ஊற்றிவிடுவேன். சாவிக்கொத்து என் இடுப்பில்தானே இருக்கிறது. நடு ரோட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு, மைலேஜ் ஞாபகமே இல்லை. முதல் மாதம் முடிந்து அவர் பங்க்கில் ரொப்பி வந்தார் பார், முகமெல்லாம் பல். அம்மணி, இருபத்து மூணு, இஞ்சின் இப்பத்தான் பழகியிருக்குது என்றார். நான் ஊற்றினது அவர் நோட்டில் ஏறவில்லையே. முள் கொஞ்சம் ஏறி நிற்பதைப் பார்த்தால்கூட, வண்டி ஆடாம நின்னா டீசல் சமமாகி முள் ஏறும் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். ஜெனரேட்டருக்கு டீசல் சீக்கிரம் தீர்ந்ததற்கு அதில் டீசல் பீய்ச்சுகிற நாசிலை மாற்றிப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை கண்ணு. டீக்கடையில் அவரைச் சுற்றி நாலு பேர் நின்று எப்படி ஓட்டறீங்க என்று கேட்கிறார்கள், இவர் காலை ஆக்சிலேட்டரில் பூ வைக்கிறாப்பல வைக்கோணும் என்று பாடம் எடுக்கிறார். பதினெட்டு வயதில் என்னைக் கட்டி வந்து இருபத்தியொரு வருசம், அந்த மனுசன் இப்படிச் சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. நிறுத்தினால் எண்ணிக்கை இறங்கும், இறங்கினால் அவர் முகம் இறங்கும், அதனால் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுத்தான் கொடுமுடியில் எங்கண்ணன் ஐப்பசியில் அதே வண்டியை எடுத்தார். மஞ்சளும் கரும்பும் பயிர் வைத்துக்கொண்டு புல்லட்டில் திரிந்தவருக்கு மாப்பிள்ளை சொன்னதுதான் வேதம். அவர் மகள் லோகப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள் இல்லையா, ஆஸ்பத்திரிக்கு ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்றும் ஒரு எண்ணம். வண்டி வந்து மூன்றாவது வாரம் விடியற்காலையில் அவளுக்கு வலி எடுத்தது. கடைசியாகப் போட்ட பத்து லிட்டரில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியிருந்தது. மாப்ள கணக்குப்படி இன்னும் எம்பது வரும், ஈரோடு நாப்பதுதானே என்று அண்ணன் கிளம்பிவிட்டார். ஈரோட்டுக்கு முன்னால் சோலார் என்று ஊர் வருமே, அதற்கும் இந்தப் பக்கமே வண்டி நின்றது. எனக்கு ஆனது போலவே காற்று பிடித்துக்கொண்டது, யாருக்கும் எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் பால் வேன் ஒன்றை மறித்து, கேன்களுக்கு நடுவில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிப் பத்து நிமிசத்தில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் நல்லபடியாக இருக்கிறது, ஆனால் லோகப்பிரியாவுக்கு ரத்தம் நிறையப் போய் மூன்று பாட்டில் ஏற்றினார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

அண்ணன் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினார். ஒரு கோளாறும் இல்லீங்க, இது பதினெட்டு பத்தொம்பதுதான் ஓடும் என்று சொல்லிவிட்டான். அண்ணன் போன் பண்ணிக் கேட்டதற்கு உங்கப்பா, வண்டிக்குக் கோளாறு இல்லீங்க மச்சான், உங்க காலுக்குத்தான் என்றுவிட்டார். பேச்சு முற்றி, ஞாயித்துக்கிழமை இங்கே டேங்கை ரொப்பிக்கொண்டு கொடுமுடி வந்து உங்கள் கண் முன்னால் ரொப்பிக் காட்டுகிறேன், ஜபருல்லா பாய் சாட்சி, இருபத்து மூணு வராட்டி காரை உங்க வாசல்ல உட்டுப்போட்டு பஸ்ல போறேனுங்க என்று சபதமே போட்டுவிட்டார். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வழியில் நிறுத்தி ஊற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பிறகு பால் வேனில் கிடந்த பெண் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். திட்டுவார், கை ஓங்குவார் என்று நினைத்தேன். எப்ப இருந்து என்றார். சித்திரையில இருந்துங்க என்றேன். சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஞாயித்துக்கிழமை காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி சவரம் பண்ணிக்கொண்டு பாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே நடந்ததை பாய்தான் வந்து சொன்னார். பங்க்கில் டீசல் போட வந்த பையனை நிறுத்தச் சொல்லிவிட்டு, மச்சான், அளக்க வேண்டியதில்லீங்க, பதினெட்டுதான் ஓடுது, ஒரு பெருமைக்காவ நான்தான் கூட்டிச் சொல்லிப்போட்டேன் என்றாராம். உங்க பெருமைக்கு எம்புள்ள ரோட்டுல கெடந்தாளுங்களா மாப்ள என்று அண்ணன் கேட்டிருக்கிறார். இவர் சொன்னபடியே சாவியை அவர் வீட்டு வாசல் மேடையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். கவுண்டர் இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கலீங்க அம்மணி என்று பாய் என்னிடமே சொல்கிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், அதுதான் இந்த எட்டு மாதத்தில் நான் பண்ணின கேவலத்திலேயே பெரிய கேவலம்.

ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க என்று கேட்டேன். உனக்குப் பொங்கலுக்குச் சீர் கொண்டார ஒரே ஆளு அவருதான் அம்மணி, எனக்கு மச்சான் போனாப் போறாரு, உனக்குப் பொறந்த ஊடு போயிரக் கூடாது என்றார். அப்புறம், உறிஞ்சறப்ப டீசல் வாய்க்குள்ள போயிருக்குமே என்று மட்டும் கேட்டார். நேற்றும் இன்றும் பட்டறைக்குப் போகிறார், வருகிறார், டீக்கடைப் பக்கம் போவதில்லை.

எனக்கு மனசு ஓய்ந்து வருகிறது கண்ணு. ஆனால் அவர் தலையை வாங்கிக்கொண்டு நான் சீர்ச்சேலை கட்ட முடியாது. வெள்ளிக்கிழமை குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள், எங்களுக்கு அழைப்பு இல்லை. அழைக்காவிட்டாலும் முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். லோகப்பிரியாவிடம் முதலில் சொல்வேன், அப்புறம் அண்ணனிடம், அங்கே இருக்கிற அத்தனை பேரும் கேட்கிற மாதிரி. உங்கப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் விட மாட்டார். அண்ணன் என்னை வாசலோடு அனுப்பினாலும் அனுப்பட்டும். இந்தப் பொங்கலுக்கு நான் பழைய சேலையோடு பொங்கல் வைத்தேன் என்று கேள்விப்பட்டால் நீ வருத்தப்படக் கூடாது, எனக்கு அதில் வருத்தமில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மெசினில் கை வைக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, நூறு வயசுக்கு நோயில்லாமல் இரு. மறக்காமல் உங்கப்பா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், சும்மா ஒரு மகன் அப்பாவுக்கு எழுதுவது போல எழுது. இந்த வாரமே போடு.

ஆசீர்வாதத்துடன்
அம்மா
பொ. ராமாமணி