சோடாவும் செல்வியும்

மாப்ள,

சர்க்கரை ஆலை வாசலில் இன்று எவனோ கோலி சோடா உடைத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் வண்டியின் சாவியைக் கீழே போட்டுவிட்டேன். கல்வராயன் மலை வளைவில் பன்னிரண்டு டன் கரும்போடு டிரெய்லரைப் பின்னுக்கே ஓட்டி இறக்கினவன் நான். எட்டு டன்தான் என்று நீ சொல்வாய். சரி, எட்டு. ஒரு சோடா சத்தத்துக்குச் சாவியைப் போட்டேன் என்றால் அதற்குக் காரணம் உனக்குத்தான் தெரியும்.

உன் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மூலையில் விரிசல், ஓரமெல்லாம் கரும்புச் சாறு பிசுபிசுப்பு. துடைக்கவில்லை.

வரிசையில் இருபது, முப்பது டிராக்டர் நிற்கும். உள்ளே போக ஒரு பகல் ஆகும், சில நாள் ரெண்டு பகல். அந்த வெயிலில்தான் நீ உன் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து போனில் அந்த ஆற்று ஆட்டத்தை ஆரம்பித்தாய். வெள்ளம் வந்த ஊர், ஒரே ஓடம், அதை ஓட்டுகிற பெண். அவளுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர். நான்தான் செல்வி என்று பேர் வைத்தேன். எட்டாவதோடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். இருந்தாலும் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல நீ வேண்டியிருந்தது.

கதை ஒவ்வொரு இடத்தில் நின்று நம்மைக் கேட்கும்: இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா? பத்து செகண்டு. அதற்குள் அமுக்க வேண்டும். நீ படிப்பாய், நான் "துண்ட தூக்குங்கடா" என்று கத்துவேன், டிரைவர்கள் துண்டைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். எந்தத் தேர்தலிலும் அவ்வளவு ஒழுங்காக ஓட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? செல்விக்கு அடிபட்டு ரத்தம் போகிறது. கரையில் மீட்புப் படகுக்கு நீளமான வரிசை. வரிசையில் நின்றால் எல்லோருக்கும் இடம் கிடைக்கலாம். வரிசையை விட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வைத்தியரிடம் போகலாம், படகு போய்விடும். அத்தனை துண்டும் "நில்லு" பக்கம். நீ ஒருத்தன் மட்டும் "கிளம்பு" என்பதை அமுக்கிவிட்டாய்.

"யோவ், வோட்டு போட்டமே, அதுக்கு இன்னா மரியாத?" என்று பின் வண்டி முருகேசன் சண்டைக்கு வந்தான்.

"வோட்ட எண்ணிக்கினு இருந்தா ஆளு போய்டும்யா" என்றாய்.

அந்தக் கோபத்தில் எல்லோரும் அவனவன் போனில் தனித்தனியாக ஆடி "நில்லு" அமுக்கினோம். நானும்தான்.

அடுத்த அரவைப் பருவத்தில் வந்தது அந்த நாள். மத்தியானம். உனக்கு முன்னால் ஆறு வண்டி. நெஞ்சைத் தடவிக்கொண்டே என் வண்டியண்டை வந்தாய்.

"மாமா, ஒரு மாதிரி எரியுது. கை வேற இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா, நிக்கட்டுமா?"

"வாயுய்யா அது. எனக்கு வராத வாயுவா? நான் பாத்து எத்தினி பேர எழுப்பி உக்கார வெச்சிருக்கேன் தெரியுமா? வரிசைய வுட்டா கடேசிக்குப் போய்டுவ. ஒரு சோடா அடி."

நானே உடைத்துக் கொடுத்தேன். நீ குடித்தாய். ஏப்பம் வந்ததும், "பாத்தியா, டாக்டரு சொன்னா கேக்கணும்" என்று சிரித்தேன். ரெண்டு மணி நேரம் கழித்து எடைமேடையில் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாய். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

தியாகதுருகத்தில் உன் வூட்டு வாசலில் அத்தனை ஜனம். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "கையப் புடிச்சு இழுத்தேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கால்ல வுழாத குறை. வரிசைய வுட மாட்டேன்னுட்டான்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பதினாறாம் நாள் உன் போனைத் தங்கச்சிதான் என் கையில் கொடுத்தது. "நீங்க ரெண்டு பேரும் ஆடுனது, வெச்சிக்கங்க அண்ணா."

இந்தப் பருவத்தில் ஆட்டத்தின் ரெண்டாம் பாகம் வந்தது. வரிசை முழுக்க அதே பேச்சு.

"படம் ஜோரா கீது, கதை ஏமாத்து வேல" என்றான் முருகேசன். "எத அமுக்கினாலும் செல்வி மொத கட்டத்துலயே சாவுறா. அப்புறம் எதுக்கு என்னக் கேக்கறான்? அவனே அமுக்கிக்க வேண்டியதுதான?"

போனில் நிறைய பேர் அப்படித்தான் திட்டி எழுதியிருக்கிறார்களாம். நான் ஒருத்தன் மட்டும் ஆட்டத்துக்கு வக்கீலாக நின்றேன். "விதியக் காட்டுறான்டா. நீ எத அமுக்கினா இன்னா, போறது போவும்" என்று பெரிய பிரசங்கமே செய்தேன். கைதட்டினார்கள். ஒரு வருஷமாக மாரில் உட்கார்ந்திருந்த கல் லேசானது மாதிரி இருந்தது, மாப்ள. அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மறுநாள் மத்தியானம், சும்மா பெருமைக்கு, உன் போனிலும் அதை ஏற்றினேன். பழைய ஆட்டத்தைத் தொடரவா என்று கேட்கிறது என்று முருகேசன் படித்துச் சொன்னான். ஆமாம் என்று அமுக்கினேன். மலைமேல் ஒரு குடிசை. கதவு திறந்தது. கொஞ்சம் நொண்டிக்கொண்டு, காதோரம் நரைத்து, செல்வி வந்து நின்றாள்.

"மாமா! இவ எப்பிடி உசிரோட கீறா?" என்று கத்தினான் முருகேசன்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பழைய ஆட்டத்தில் நாங்கள் எல்லோரும் நின்றவர்கள். நீ ஒருத்தன்தான் கிளம்பினவன்.

வரிசையை விட்டேன். என் வண்டியை முருகேசனிடம் ஒப்படைத்துவிட்டு நேரே தியாகதுருகம் பஸ் ஏறினேன். தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, சோடா, நான் சிரித்த சிரிப்பு, அப்புறம் இதே வாசலில் சொன்ன பொய். அடிக்கும், திட்டும் என்று நினைத்தேன். மடித்த புடவையை மறுபடி பிரித்துக்கொண்டே கேட்டது:

"போவட்டுமான்னு கேட்டாரா?"

"கேட்டான்மா."

"அவரு வாயாலயே?"

"ஆமா."

"ஒரு வருசமா அவரு படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிக்கினு கீறேன் அண்ணா. எங்கள வுட கரும்பு பெருசா போச்சான்னு."

அதற்கு மேல் அது என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் சரி.

"மாமா சொல்றதுல பாதி கழி, மீதியில பாதி கழி" என்று எல்லோரிடமும் சொல்வாயே. இந்த மடலில் மலை வளைவையும் டன் கணக்கையும் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள். சோடாவில் மட்டும் கை வைக்காதே.

உன் ஆட்டத்தை அந்தக் கதவுக்கு மேல் நான் கொண்டுபோகவில்லை. போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன். செல்வி நிற்கிறாள். அடுத்ததாக என்னவோ கேட்கிறாள். நல்ல வேளை, அந்த இடத்தில் பத்து செகண்டுக் கணக்கு இல்லை.

இன்று சோடா உடைத்தவன் சங்கராபுரம் பக்கத்துப் புது டிரைவர். கீழே விழுந்த சாவியைக்கூட எடுக்காமல் அவனிடம் ஓடினேன்.

"இன்னா பண்ணுது உனுக்கு? நெஞ்சு எரியுதா? கை இழுக்குதா?"

"தாகம் மாமா, வேற இன்னா?" என்று சிரித்தான்.

அவன் குடித்து முடித்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். பின்னால் ஆரன் அடித்தார்கள். வரிசை நகர்ந்துவிட்டது. என் இடம் போய்விட்டது.