உடனுக்குடன் எழுதும்படி

இன்று காலை கவிதா தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் உன் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவள். கிள்ளான் டயாலிசிஸ் நிலையத்துக்காக நாம் எழுதிய நிரல் திறந்திருந்தது. "அக்கா, இங்க யாரோ பஃபரை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. அதனாலதான் ஸ்லோ. எடுத்துடவா?"

நீ எழுதிய வரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

சிகிச்சைக்குப் படுத்திருப்பவரின் ரத்த அழுத்தத்தை வாங்கி வாங்கிக் கோப்பில் எழுதும் நிரல் அது. ஒருநாள் பாதியில் நின்றுபோனது. அந்நேரம் பார்த்து ஓர் அங்கிள் மயங்கிவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் மருத்துவர் கேட்ட கடைசி அளவுகள் கோப்பில் இல்லை. தாதி அழாக்குறையாக நம்மை அழைத்தார்.

நீதான் கண்டுபிடித்தாய். அளவுகள் நேரே கோப்புக்குப் போகாமல் பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, அது நிறைந்த பிறகே மொத்தமாக எழுதப்பட்டன. நிரல் விழுந்தபோது சேர்ந்திருந்தவையும் அதோடு போயின. ஒவ்வோர் அளவும் வந்தவுடன் கோப்புக்குப் போகும்படி மாற்றினாய். வேகம் குறையுமே என்று மேலாளர் தயங்கினார். "குறையட்டும் பாஸ். படுத்திருக்கிற ஆளுக்கு அவசரம் இல்லலா," என்றாய்.

சில வாரம் கழித்து நிரல் மறுபடி நின்றது. இம்முறை கடைசி அளவுவரை கோப்பில் இருந்தது. ஓர் ஆன்டிக்கு அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்ததைக் கண்டு, அவர் மயங்குமுன்பே தாதி மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்று நீ என்னை இழுத்துப்போய் வடை வாங்கித் தந்தாய்.

போன ஆண்டு மூளையில் ரத்தம் கசிந்து நீ போனாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தேன். கொமுட்டர் ரயிலில் திரும்பும்போதும் அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

கவிதா காத்திருந்தாள். எடுக்க வேண்டாம் என்று சொல்லி, நீ அதை எழுதிய காரணத்தையும் சொன்னேன். "அவங்க இப்ப எங்க வேலை செய்றாங்க, அக்கா?"

"இறந்துட்டா."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மழை வருகிறது என்று சொல்வதுபோலத்தான் வந்தது. கவிதா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மதியம் கிள்ளானிலிருந்து தாதி அழைத்தார். ஓர் அங்கிளுக்குச் சிகிச்சை நடக்கும்போதே நிரல் நின்றுவிட்டதாம். இப்படி அழைப்பு வந்தால் நீ முதலில் ஆளைப் பற்றித்தான் விசாரிப்பாய். உன்னைப்போலவே கேட்டேன்: "அங்கிள் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருலா. டிவி பாக்குறாரு."

அதன் பிறகுதான் கோப்பைத் திறந்தேன்.